வெளியே பார்க்கும் யானை

திருத்தணி மலைக்கோயிலுக்குப் போய்வந்தவர்களில் பாதிப் பேர் மூலவருக்கு எதிரே நிற்கும் யானையைக் கவனித்திருக்க மாட்டார்கள். கூட்டம் அப்படி. முருகன் சன்னதி என்றால் எதிரே மயில் இருக்கும் என்றுதான் நினைப்போம். இங்கே யானை. அதுவும் சாமியைப் பார்த்தபடி நிற்கவில்லை. சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே வாசல் பக்கம் பார்த்து நிற்கிறது.

கதை ஊரறிந்தது. தெய்வயானையை மணம்முடித்துக் கொடுத்தபோது இந்திரன் ஐராவதத்தைச் சீதனமாக அனுப்பிவைத்தான். யானை போனபின் தேவலோகத்தில் செல்வம் குறையத் தொடங்கியது. கொடுத்த சீரைத் திருப்பிக் கேட்பது மரியாதையா? ஆகவே, யானை உங்களிடமே இருக்கட்டும், அதன் பார்வை மட்டும் எங்கள் பக்கம் இருந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டானாம். மருமகனும் சம்மதித்தார். அன்றிலிருந்து ஐராவதம் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு இன்னொரு வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

சிறுவயதில் இதைக் கல்யாணக் கதையாகக் கேட்டேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சில காலம் பாடம் நடத்தவும் ஆராய்ச்சி செய்யவும் போய்த் திரும்பிய பிறகு, இது உத்தியோகக் கதையாகத் தெரிகிறது. யானைக்கு ஊர் ஏக்கம் இருக்கும் என்று பக்தர்கள் உருகுவார்கள். எனக்கு அந்த ஏக்கத்தில் பெரிய அக்கறை இல்லை. யுகக்கணக்காக ஒரு கருவறைக்கு முன் நின்றும், அந்தக் கருவறைக்குள் என்ன இருக்கிறது என்று அது ஒருமுறைகூடப் பார்க்கவில்லையே என்பதுதான் என் கேள்வி.

வெளிநாட்டில் கற்பிக்கப் போகிறவர்களுக்கும் இதுதான் நடக்கிறது. இதைப் பற்றி யோசிக்கத் திருத்தணியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. காரணம், நம் நாட்டிலிருந்து அப்படிப் போனவர்களில் பேர்போன ஒருவர் இந்த மலையடிவாரத்தில் பிறந்தவர்.

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5ஆம் தேதி திருத்தணியில் பிறந்தார். வீட்டில் தெலுங்கு. அப்பா வீராசாமிக்கு ஜமீனில் வருவாய்ப் பிரிவில் சின்ன உத்தியோகம். பையன் திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூரில் ஊரிசு கல்லூரியிலும், பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தான். எல்லாம் பாதிரிமார் நடத்திய கல்விக்கூடங்கள். உதவித்தொகை இல்லையென்றால் எதுவும் நடந்திருக்காது. தத்துவப் பாடத்தை எடுத்ததுகூட அதன்மீது மையல்கொண்டு அல்ல. அதே பாடத்தைப் படித்து முடித்த உறவுக்காரர் ஒருவர் தன் புத்தகங்களைக் கொடுத்தார், செலவு மிச்சமாயிற்று, அவ்வளவுதான். ஒரு நாட்டின் தத்துவ முகமாகப் பின்னால் அறியப்பட்டவரின் பாதையைத் தீர்மானித்தவை பழைய பாடப் புத்தகங்கள்.

கிறித்தவக் கல்லூரியில் அவர் தினமும் கேட்ட ஒரு குற்றச்சாட்டு உண்டு: உலகமே மாயை என்று சொல்லும் வேதாந்தத்தில் அறத்துக்கு இடமேது? 1908இல் எம்.ஏ. பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வேடு, வேதாந்தத்தின் அறவியலைப் பற்றியது. அந்தக் குற்றச்சாட்டுக்கான பதில். இருபது வயதுகூட முழுதாக நிரம்பவில்லை, அதற்குள் தன் வீட்டுக்காக வழக்காட நின்றுவிட்டார். அந்த நிலையிலிருந்து அவர் கடைசிவரை நகரவில்லை என்றுதான் நினைக்கிறேன். கோர்ட்டு மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது.

1909இல் சென்னை மாநிலக் கல்லூரி, 1918இல் மைசூர், 1921இல் கல்கத்தா. மைசூரிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பிய நாளில் மாணவர்கள் வண்டியைப் பூவால் அலங்கரித்து, குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தாங்களே ரயில் நிலையம்வரை இழுத்துப்போனார்கள் என்பது ஆசிரியர் தின மேடைகளில் ஆண்டுதோறும் சொல்லப்படுகிற கதை. 1926இல் ஆக்ஸ்போர்டின் மான்செஸ்டர் கல்லூரியில் ஆற்றிய சொற்பொழிவுகள் அடுத்த ஆண்டே 'இந்துக்களின் வாழ்க்கை நோக்கு' என்று தமிழில் சொல்லத்தக்க தலைப்போடு ஆங்கிலப் புத்தகமாயின. அப்புறம் 1931 முதல் ஐந்தாண்டு ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 1936இல் ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயங்களுக்கும் அறவியலுக்குமான ஸ்பால்டிங் பேராசிரியர். அந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இருக்கையில் அமர்ந்த முதல் இந்தியர். அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் தேதி தொடக்க உரை. அந்த இருக்கையில் 1952வரை இருந்தார். இடையில் ஒன்பது ஆண்டுகள் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர், மூன்று ஆண்டுகள் மாஸ்கோவில் இந்தியத் தூதர் என்பதால், பதினாறு ஆண்டும் அங்கேயே தங்கிவிடவில்லை.

அந்த இருக்கையின் பெயரை நின்று பாருங்கள். கீழைச் சமயங்கள். காசியும் காந்தாரமும் மட்டுமா கிழக்கு? பாரசீகம், திபெத், சீனம், ஜப்பான் எல்லாம் அதற்குள் வருகின்றன. அத்தனைக்கும் ஒரு நாற்காலி, அதில் ஒரு மனிதர். ஆக்ஸ்போர்டில் ஒரு பருவம் எட்டே வாரம். எட்டு வாரத்தில் ஆசியாவைச் சொல்ல வேண்டுமென்றால் அடுக்கித்தான் சொல்ல வேண்டும்; மேடு பள்ளத்தை நிரவித்தான் ஆகவேண்டும். ஆளைக் குறைசொல்லிப் பயனில்லை. நாற்காலியின் அளவே அப்படி.

ஆனால் நிரவும்போது என்ன தொலைகிறது என்று பார்க்க வேண்டும். 1927இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தில் அவர் வழிபாட்டைப் படிநிலையாக அடுக்குகிறார். உச்சியில் குணம்கடந்த பரம்பொருளை நாடுகிறவர்கள். அடுத்து, குணமுள்ள இறைவனை வழிபடுவோர். அதற்கும் கீழே அவதாரங்களை வழிபடுவோர். இன்னும் கீழே முன்னோரையும் பல தெய்வங்களையும் கும்பிடுவோர். கடைசிப் படியில் சிறு சக்திகளுக்கும் ஆவிகளுக்கும் படையல் வைப்பவர்கள். எல்லாரும் உள்ளேதான், யாரையும் வெளியே தள்ளவில்லை என்பது அவருடைய வாதத்தின் பெருந்தன்மை. ஆனாலும் படி, படிதான்.

திருத்தணியிலும் படிகள் இருக்கின்றன. 365. வருஷத்துக்கு ஒரு நாள் ஒரு படி என்று கணக்குச் சொல்வார்கள். படிபூஜை செய்கிற ஒரு பெண்ணின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மஞ்சள் புடவை, இடுப்பில் செருகிய முந்தானை, கையில் பிளாஸ்டிக் கவர். கவருக்குள் மஞ்சள் பொடி, குங்குமப் பொட்டலம், சூடம், தீப்பெட்டி. குனிந்து படியில் மூன்று விரலால் மஞ்சள் தடவுகிறாள். மேலே குங்குமம் வைக்கிறாள். ஒரு துண்டு சூடத்தை ஏற்றிவைத்துக் கும்பிடுகிறாள். அடுத்த படி. மலைக்காற்று சூடத்தை அணைத்துவிட்டால் முந்தானையை எடுத்து மறைப்பாகப் பிடித்து மறுபடி ஏற்றுகிறாள். எரிந்தால்தான் அடுத்த படிக்குக் கால் நகரும். பின்னால் வருகிறவர்கள் ஓரமாக ஒதுங்கித் தாண்டிப் போகிறார்கள். அவள் யாரையும் பார்ப்பதில்லை. முந்தைய நாள்களின் சூடக்கரி படிந்து படிகளே கறுத்துக் கிடக்கின்றன.

இந்தப் பெண் அந்தப் புத்தகத்தின் எந்தப் படியில் நிற்கிறாள்? மேலிருந்து இரண்டாவதா, நான்காவதா? கேள்வியே அபத்தம். முருகன் அவளுக்குப் பரம்பொருளா, குலசாமியா, வீட்டுப் பிள்ளையா என்று கேட்டால் அவள் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பாள். மூன்றும்தான், அதிலென்ன? ராதாகிருஷ்ணனுக்கு இது தெரியாதிருக்க வாய்ப்பில்லை. திருத்தணியும் திருப்பதியும் அவர் வளர்ந்த ஊர்கள். மொட்டையும் காவடியும் பார்க்காமல் இந்த ஊர்களில் ஒரு பையன் வளர முடியாது. தெரிந்திருந்தும் அவர் அதைச் சொன்ன விதம் எதிரே உட்கார்ந்திருந்தவர்களை மனத்தில் வைத்துச் சொன்னது. அவர்கள் கேட்கப்போகும் கேள்விக்கு முன்கூட்டியே வைத்த பதில்.

வெளிநாட்டில் பாடம் நடத்தியவர் எவருக்கும் இது புரியும். ஆராய்ச்சி எதுவாகவும் இருக்கட்டும், பூச்சியியலாகவே இருக்கட்டும். தேநீர் நேரத்தில் சாதியைப் பற்றி, மறுபிறவியைப் பற்றி, மாட்டைப் பற்றி, பெற்றோர் பார்த்து நடத்தும் கல்யாணத்தைப் பற்றி ஒருவர் கேட்பார். நூற்று நாற்பது கோடிப் பேருக்கும் சேர்த்து நாம் வாயைத் திறப்போம். கேட்பவர் நல்ல மனசோடுதான் கேட்கிறார். நாமும் நல்ல மனசோடுதான் சொல்கிறோம். சொல்லச் சொல்ல, யாருடைய வீட்டிலும் இல்லாத ஓர் இந்தியா வாயிலிருந்து வந்து மேசைமேல் உட்கார்ந்துவிடும். இட்டலி சூடாறுவதற்குள் அண்ணன் தம்பி சண்டை வந்துவிடும் நம் கூட்டுக்குடும்பம், அந்த மேசையில் கோயில் சிற்பம் மாதிரி ஆடாமல் அசையாமல் நிற்கும். ஊருக்குத் திரும்பி வந்து முதல் வாரத்திலேயே அந்தச் சிற்பம் தூளாகும். அது வேறு விஷயம்.

ஊரைக் காவடி மாதிரித் தோளில் ஏற்றிக்கொண்டு போகிறோம். காவடி எடுத்தவருக்கு ஒரு வசதி உண்டு. மலைக்கு மேலே போனதும் இறக்கிவைத்துவிடலாம். இறங்கும்போது கை வீசிக்கொண்டு வரலாம். தங்கல் முடிந்து கிளம்பும் நாள் அப்படி இறக்கிவைக்க வேண்டிய நாள். அறைச் சாவியை அலுவலகத்தில் ஒப்படைக்கிறோம். நூலக அட்டையைத் திருப்பிக் கொடுக்கிறோம். விமானத்தில் எடைக்கணக்கு இருப்பதால் புத்தகங்களைப் பக்கத்து அறைக்காரருக்குக் கொடுத்துவிடுகிறோம். கதவிலிருந்த பெயர் அட்டையை உருவி எடுத்துவிடுகிறார்கள். இவற்றோடு சேர்த்துப் பிரதிநிதி வேலையையும் ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். அதுதான் நடப்பதில்லை.

ராதாகிருஷ்ணனுக்கு நடக்கவே இல்லை. 1952இல் ஆக்ஸ்போர்டு முடிந்தது, மே மாதம் குடியரசுத் துணைத்தலைவரானார். பத்தாண்டு அது, ஐந்தாண்டு குடியரசுத்தலைவர். வேதாந்தத்துக்காகப் பேசியவர் தேசத்துக்காகப் பேசத் தொடங்கினார். இரண்டையும் கம்பீரமாகச் செய்தார், சந்தேகமில்லை. ஆனால் தோளில் எதுவும் இல்லாத ஒரு ராதாகிருஷ்ணன் ஊர்த் தெருவில் நடந்துபோயிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நமக்குத் தெரியாமலே போயிற்று. தன் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதியவை சில பக்கங்கள். அவற்றிலும் திருத்தணி ஒரு புண்ணியத் தலம் என்ற அளவில் வந்து போகிறது. இது எனக்கு வருத்தம்தான்.

அவர் விட்டுவந்த இருக்கைக்கு என்ன ஆயிற்று என்பது சுவாரசியமானது. அடுத்து வந்தவர் ஆர்.சி. ஸேனர். போர்க்காலத்தில் ஈரானில் பிரிட்டிஷ் உளவுப்பணியில் இருந்தவர், பாரசீகச் சமயங்களில் விற்பன்னர், கத்தோலிக்கர். தொடக்க உரையிலேயே, எல்லாச் சமயங்களும் கடைசியில் ஒன்றையே சொல்கின்றன என்ற சமரசப் பார்வையை மறுத்துப் பேசினார். முந்தையவர் பதினாறு ஆண்டு கட்டிய வீட்டின் அஸ்திவாரத்தில் முதல் நாளே கடப்பாரை. நம் ஊரில் இப்படி நடந்தால் அதைக் குருத்துரோகம் என்போம். 1970களின் பிற்பகுதியில் அதே இருக்கைக்கு வந்த பிமல் கிருஷ்ண மதிலால் வேறு திசையில் போனார். இந்தியத் தத்துவம் என்றாலே ஆன்மிகம் என்று ஏன் நினைக்கிறீர்கள், எங்களிடம் நியாய சாஸ்திரம் இருக்கிறது, அளவையியல் இருக்கிறது, மொழித் தத்துவம் இருக்கிறது, வாருங்கள் வாதாடலாம் என்றார். ஒரே நாற்காலி, மூன்று பேர், மூன்று கிழக்குகள். ராதாகிருஷ்ணன் அங்கே கற்பித்தது வீண்போகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மறுத்துப் பேசும் அளவுக்கு ஒரு பொருளை அங்கே நிலைநாட்டிவிட்டு வந்திருக்கிறார். அவர் ஆதரவில்லாமலே அது அங்கே சண்டைபோட்டு வாழ்கிறது.

எதிர்த்திசையில் போன ஒருவரையும் நினைத்துக்கொள்வோம். ஜி.யு. போப், 1839இல் தமிழ்நாட்டுக்கு வந்தார். சாயர்புரம், தஞ்சாவூர், உதகை என்று நாற்பது ஆண்டுகளுக்குமேல் தென்னிந்தியாவில். வந்த வேலை கிறித்துவைப் போதிப்பது. அவரும் தன் வீட்டின் பிரதிநிதி. பிரம்பும் கையுமாகப் பள்ளி நடத்திய கண்டிப்பானவர் என்றும் கேள்வி. தாயகம் திரும்பிய பிறகு 1884இல் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கத் தொடங்கினார். 1886இல் திருக்குறள் மொழிபெயர்ப்பு வந்தது. 1900இல், எண்பதாவது பிறந்தநாளில் திருவாசக மொழிபெயர்ப்புக்கு முன்னுரை முடித்தார். மாணிக்கவாசகரை அந்த ஆழத்தில் அவர் வாசித்தது தஞ்சாவூரில் சபை நடத்திக்கொண்டிருந்தபோது அல்ல. யாரையும் மதம் மாற்ற வேண்டிய கடமை இல்லாத ஊரில், ஒரு கிழவராக, மழை பெய்யும் ஆக்ஸ்போர்டில் உட்கார்ந்து வாசித்தார். அவர் காவடியை இறக்கிவைத்துவிட்டார் என்பேன்.

1908இல் அவர் இறந்தார். அதே ஆண்டுதான் சென்னையில் இளைஞர் ராதாகிருஷ்ணன் அந்த ஆய்வேட்டை எழுதியது. போப்பின் கல்லறையில் 'தமிழ் மாணவன்' என்று பொறித்திருக்கிறது என்ற கதை மேடைக்கு மேடை ஓடுகிறது. அப்படி எதுவும் அதில் இல்லை. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்ற செய்தி இருக்கிறது. கட்டுக்கதையைவிட இந்த உண்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. இங்கிருந்து அவர் போய்க் கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் கல்லுக்குக் காசு அனுப்பும் அளவுக்கு இங்கே அவரை நினைத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

திருத்தணிக்குத் திரும்பி வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் முத்துசாமி தீட்சிதர் என்ற இளைஞர் சிதம்பரநாத யோகியோடு காசிக்குப் போய்ச் சில ஆண்டுகள் தங்கியிருந்தார். வீணையும் வித்தையும் கற்றார். வடநாட்டு சங்கீதம் காதில் விழுந்தது. குரு காலமானதும் சென்னைக்கு அருகே மணலியில் இருந்த குடும்பத்திடம் திரும்பி வந்தார். அங்கிருந்து திருத்தணி வந்தார். படியில் அமர்ந்திருந்தவரிடம் ஒரு பெரியவர் வந்து, முத்துசாமி, வாயைத் திற என்று சொல்லிக் கற்கண்டைப் போட்டுவிட்டு மறைந்தார் என்பது ஐதீகம். சரித்திரம் சொல்வது, அவருடைய முதல் கீர்த்தனை இங்கே பிறந்தது என்பது. மாயாமாளவகௌளை ராகம், குருகுகனைப் பற்றியது. சங்கீதம் கற்கத் தொடங்கும் குழந்தைக்கு முதல் வரிசை சொல்லிக்கொடுக்கும் ராகம் அது. காசிவரை போய்வந்த வித்துவான் வாய்திறந்ததும் எடுத்தது பாலபாடத்தின் ராகத்தை. காசி அவரிடம் இல்லாமல் போகவில்லை. பின்னால் வந்த கீர்த்தனைகளின் விளம்ப நடையில் அது இருக்கிறது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் காசியைப் பற்றித் திருத்தணிக்கு விளக்கவும் இல்லை, திருத்தணியைப் பற்றிக் காசிக்கு விளக்கியதாகவும் தெரியவில்லை. பாடினார், அவ்வளவே.

அவர் கற்கப் போனவர். கற்கப் போனவர் திரும்புவது எளிது. கற்பிக்கப் போனவருக்குத்தான் திரும்புவது கஷ்டம். அங்கே வகுப்பில் சொன்னதையெல்லாம் இங்கே வந்து பார்க்கும்போது பாதி பொருந்தாது. பொருந்தாததை ஊரின் குற்றமாக நினைத்துவிடலாம். அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, இப்போதுதான் கெட்டுவிட்டது என்று புலம்பிக்கொண்டு மிச்ச வாழ்நாளைத் தள்ளலாம். இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். அல்லது, நாம் சொன்னது பாடத்துக்காக நிரவியது, ஊர் நிரவாதது என்று ஒத்துக்கொண்டு முதல் படியிலிருந்து பார்க்கத் தொடங்கலாம். பேசவேண்டிய பொறுப்பு கழன்றுவிழுந்த பிறகுதான் கண்ணுக்கு வேலை வருகிறது. ஒருவருடைய ஊரை அவருக்கு மறைப்பது தூரம் அல்ல. ஊருக்காகப் பேசியே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம். தங்கல் முடிவதில் வருத்தப்பட எவ்வளவோ இருக்கலாம். இந்த ஒன்றுக்காக நிம்மதிப்படலாம்.

எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதியை இங்கே சொல்ல வேண்டும். 1981 முதல் 1986வரை போலந்தில் வார்ஸா பல்கலைக்கழகத்தில் இந்தியத் தத்துவமும் பண்பாடும் கற்பித்தார். அவர் போய்ச்சேர்ந்த ஆண்டே டிசம்பரில் அங்கே ராணுவச் சட்டம் வந்துவிட்டது. ஊர் திரும்பிய அவரிடமிருந்து வந்த நாவல் 'ஏசுவின் தோழர்கள்'. வகுப்பில் அந்த மாணவர்களுக்கு இந்தியாவைச் சொன்னவர், நாவலில் நமக்குப் போலந்தைச் சொன்னார். அங்கே போன இந்தியர்களின் அசட்டுத்தனங்களையும் விட்டுவைக்கவில்லை. யானை ஒருதரம் திரும்பிக் கருவறைக்குள் பார்த்திருக்கிறது.

ஊரும் சும்மா இருப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்திறங்கியவரிடம் நம் சனங்கள் கேட்கும் கேள்வி தெரிந்ததே. "எப்பப்பா வந்தே? மறுபடி எப்பப் போறே?" இரண்டுக்கும் நடுவில் மூச்சு விடமாட்டார்கள். இனிப் போகவில்லை அத்தை, முடிந்துவிட்டது என்றால் முகம் மாறும். "ஏன், அங்க எதுனா பிரச்சினையா?" வேலை முடிந்தால் வீட்டுக்கு வருவது இயற்கை என்பதை நம்ப இந்த வட்டாரத்தில் ஆள் இல்லை.

திரும்பிப் பார்த்தால் ஊர் அதே இடத்தில் இருக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. திருத்தணி அதற்கு நல்ல சாட்சி. ராதாகிருஷ்ணன் பிறந்தபோது வட ஆற்காடு மாவட்டம். 1911இல் புதிதாக உண்டான சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. அவர் ஆக்ஸ்போர்டை விட்டுவந்த அடுத்த ஆண்டு, 1953 அக்டோபர் 1ஆம் தேதி, சித்தூரோடு சேர்ந்து ஆந்திர மாநிலத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1959இல் வந்த எல்லை மாற்றச் சட்டப்படி, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தச் சட்டம் மாநிலங்களவைக்கு வந்த காலத்தில் அவையின் தலைவர் யார்? குடியரசுத் துணைத்தலைவர் ராதாகிருஷ்ணன். தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்தவரின் சொந்த ஊர் தமிழ்நாட்டுக்கு வரும் சட்டம் அவர் தலைமை வகித்த அவையைக் கடந்து போயிருக்கிறது. கீழைத்தேயம் முழுவதற்கும் பதில் சொன்னவர் இந்தச் சின்ன ஊர் எந்தப் பக்கம் என்பதற்கு எதுவும் பேசவேண்டியிருக்கவில்லை, அவைத்தலைவர் பேசக்கூடாது. ஊர்க்காரர்கள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. இன்றைக்கும் பஸ் நிலையத்தில் பாதிக் கேள்வி தெலுங்கில் வரும், பதில் தமிழில் போகும். இருவருக்கும் சில்லறை சரியாகக் கிடைத்துவிடும்.

தன்னை எவருக்கும் விளக்கிச் சொல்லாமல் இருக்கும் திறமை இந்த ஊருக்கு உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் ஜனவரி முதல் தேதி உத்தியோகஸ்தர்கள் எலுமிச்சம்பழமும் மாலையுமாகத் துரை பங்களா வாசலில் நிற்பார்கள். துரைகளுக்கெல்லாம் துரை ஒருவன் தணிகை மலையில் இருக்கிறான், அவனை வந்து பாருங்கள் என்று திருப்பிவிட்டவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். படிக்கு ஒரு திருப்புகழ் பாடி ஏறும் அந்த வழக்கம் இன்றும் டிசம்பர் 31 இரவில் நடக்கிறது. துரையிடம் போய்த் துரை மொழியிலேயே வாதாடியவரும், துரையைத் திரும்பியே பார்க்காதே என்றவரும் ஒரே காலத்து ஆட்கள், ஒரே மலைக்கு வேண்டியவர்கள். இருவரில் யார் சரி என்று பட்டிமன்றம் வைக்க எனக்கு விருப்பமில்லை. முன்னவர் இல்லாவிட்டால் அந்த நாற்காலி இல்லை. பின்னவர் இல்லாவிட்டால், நாற்காலியை விட்டு எழுந்தவர் திரும்பி வருவதற்குக் கூட்டம் நிறைந்த படிகள் இல்லை.

வெளிநாட்டில் கற்பித்துவிட்டுத் திரும்புகிறவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. திருத்தணியில் சுப்பிரமணிய சுவாமி பெயரில் ஓர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டைப் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும், எல்லைக்கு அந்தப் பக்கம் உறவு வைத்திருப்பவர்களும் படிக்கும் இடம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலைப் பார்த்தவர்கள் அவர்களில் அதிகம். செப்டம்பர் 5 அன்று ராதாகிருஷ்ணன் படத்துக்கு மாலைபோட அவர்களுக்குத் தெரியும். அதற்கு நீங்கள் வேண்டாம். வேறொரு நாள் வாருங்கள். அங்கே நம்மை எப்படி மதிக்கிறார்கள் என்று பேச வேண்டாம், கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. அங்கே ஒரு மாணவி பேராசிரியரை எப்படி மறுத்துப் பேசுகிறாள், பேராசிரியர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார், வாடகை வீட்டுக்காரர் எப்படி, பொதுக் குப்பையை யார் அள்ளுகிறார், வயதானவர்கள் தனியாக எப்படிச் சாகிறார்கள், எது உங்களுக்குக் கடைசிவரை புரியவில்லை என்று ஒரு மணி நேரம் தமிழில் சொல்லுங்கள். கேள்வி கேட்பார்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், இங்கே நீங்கள் எவருக்கும் பிரதிநிதி இல்லை. சென்னை சென்ட்ரலிலிருந்து திருத்தணிக்கு மின்சார ரயில் இருக்கிறது. அரக்கோணத்துக்கு அப்புறம் கொஞ்ச தூரம்தான்.